கம்பைலர் அறிந்ததை எடிட்டரும் அறியட்டும்

இயல் 6: கோட் கம்ப்ளீஷனுக்கு ஃப்ளாக் அமைத்தல்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தாமிரபரணி கரைபுரண்டு ஏரலுக்குள் புகுந்தது. மின்சாரமும் செல்போன் தொடர்பும் இல்லாமல் ஊர் தனித்துக் கிடந்தது.

அதனால்தான் இந்த நூலுக்கு மாதிரித் திட்டமாக ஆற்று நீர்மட்டம் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அதைத் தாண்டி வரும் தண்ணீர் ஏரல் வழியாகப் போய்ப் புன்னக்காயலில் கடலில் சேர்கிறது. ஏரல் பக்கம் ஆற்றின் மேலே ஓர் அல்ட்ராசோனிக் சென்சார், அதோடு இணைந்த இஎஸ்பி32 போர்டு, அது அனுப்பும் அளவுகளைத் தொகுக்க மடிக்கணினியில் ஒரு சி++ நிரல். இவ்வளவுதான் திட்டம். அரசின் வெள்ள எச்சரிக்கைக்கு இது மாற்றாகாது. ஆனால் நம் ஊர்ப் பயனுக்காக ஒரு நிரலை ஒழுங்காக எழுதிப் பழக இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நிரல் எழுதும்போது எடிட்டர் சரியான பெயர்களை எடுத்துக் கொடுக்க வேண்டும் அல்லவா? அதற்கான அமைப்பைத்தான் இந்த இயலில் செய்யப்போகிறோம். கட்டளைகளையும் ஃப்ளாக்குகளையும் தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்தாக இருக்க வேண்டிய இடத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

பில்ட் ஆகிறது, எடிட்டர் மட்டும் ஏன் சிவக்கிறது?

சென்சார் ஆப்ஜெக்டின் பெயரைத் தட்டிப் புள்ளி வைக்கிறீர்கள். அதிலுள்ள ஃபங்ஷன்கள் பட்டியலாக விரிய வேண்டும். ஒன்றும் வரவில்லை. மேலே போய்ப் பார்த்தால் இன்க்ளூட் வரியின் அடியில் சிவப்புக் கோடு, ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்ற செய்தி. சரி, நிரலில்தான் பிழை போலும் என்று பில்ட் கொடுத்தால் அது ஒரு தடங்கலும் இல்லாமல் முடிகிறது.

இரண்டும் உண்மைதான். பில்ட் நடக்கும்போது சிமேக், பிளாட்ஃபார்ம்ஐஓ போன்ற பில்ட் கருவி கம்பைலரிடம் பத்து, இருபது ஃப்ளாக்குகளைச் சொல்லி அனுப்புகிறது. ஹெடர் கோப்புகள் எந்த ஃபோல்டரில், எந்த மேக்ரோவுக்கு என்ன மதிப்பு, எந்த ஆண்டின் சி++, எந்தச் சிப்புக்கான நிரல் என்றெல்லாம் கம்பைலருக்குத் தெரிந்துவிடுகிறது. எடிட்டருக்கு இதில் எதையும் யாரும் சொல்லவில்லை. கையில் இருக்கும் ஒரு கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு அது ஊகிக்கிறது. ஊகம் தவறும் இடத்தில் ஹெடர் கிடைக்காது; ஹெடர் கிடைக்காவிட்டால் கிளாஸ் தெரியாது; கிளாஸ் தெரியாவிட்டால் ஃபங்ஷன் பட்டியலுக்கு எங்கே போவது?

ஆகவே இந்த இயல் முழுவதற்கும் விதி ஒன்றுதான்: ஃப்ளாக்குகளை ஓரிடத்தில் மட்டும் எழுதுங்கள், பில்டும் எடிட்டரும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளட்டும். எடிட்டருக்கென்று கையால் தனிப்பட்டியல் எழுதினால், பில்ட் மாறும் நாளில் அந்தப் பட்டியல் பொய்யாகிவிடும்.

கிளாங்டி: எடிட்டருக்குப் பின்னால் இருப்பது

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் விக்ரம் ஆத்வேயும் தொடங்கிய ஆய்வுத் திட்டம் எல்எல்விஎம். அதன் சி, சி++ கம்பைலரான கிளாங், பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நூலகமாகவும் அமைந்தது. இதனால் எடிட்டர் சொற்களை வைத்துக் குத்துமதிப்பாகப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. கம்பைலர் படிப்பதுபோலவே நிரலைப் படிக்கலாம். 2016இல் மைக்ரோசாஃப்ட் ‘லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால்’ என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அந்த நெறிமுறையைப் பேசும் கிளாங் சர்வர்தான் கிளாங்டி.

இதனால் நமக்கு இரண்டு நன்மை. விஎஸ் கோட், நியோவிம், ஈமேக்ஸ், கேட் என எந்த எடிட்டரில் எழுதினாலும் ஃப்ளாக் அமைப்பு ஒன்றே. அடுத்தது, கிளாங்டி முழுக்க உங்கள் கணினிக்குள்ளேயே இயங்குகிறது. இணையம் அறுந்து கிடக்கும் நாளிலும் கம்ப்ளீஷன் நிற்காது.

உபுண்டுவில் ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால் கிளாங்டி’ போதும். விஎஸ் கோடில் கிளாங்டி எக்ஸ்டென்ஷனை நிறுவினால், கிளாங்டி இல்லாத கணினியில் அதைத் தரவிறக்கட்டுமா என்று அதுவே கேட்கும். மைக்ரோசாஃப்டின் சி++ எக்ஸ்டென்ஷனும் ஏற்கெனவே இருந்தால் அதன் இன்டெலிசென்ஸை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வரிக்கு இரண்டு பேரும் பிழை காட்டுவார்கள். எது யாருடையது என்று பிரிப்பதற்குள் பொழுது போய்விடும்.

எந்த ஃப்ளாக் வேண்டும், எது வேண்டாம்

கம்ப்ளீஷனுக்கு உயிரானவை இவை:

• -ஐ (பெரிய எழுத்து): ஹெடர் தேட வேண்டிய ஃபோல்டர். சிவப்புக் கோடுகளில் பெரும்பாலானவை இது விடுபட்டதால் வருபவையே.

• -ஐசிஸ்டம் (எல்லாம் சிறிய எழுத்து): இதுவும் ஹெடர் ஃபோல்டர்தான். பிறர் எழுதிய நூலகங்களுக்குப் பயன்படுத்துங்கள். அவர்கள் நிரலில் இருக்கும் எச்சரிக்கைகள் உங்கள் திரையை அடைக்காது.

• -டி (பெரிய எழுத்து): மேக்ரோவுக்கு மதிப்பு தருவது. ‘இஃப்டெஃப்’ போட்டு எழுதிய பகுதி எடிட்டரில் மங்கிக் கிடந்தால், இந்த ஃப்ளாக் அதற்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

• -எஸ்டிடி=சி++17: மொழியின் பதிப்பு. இது தப்பினால் புதிய வசதிகள் எல்லாம் பிழையாகத் தெரியும்.

• -எக்ஸ்சி++ (எல்லாம் சிறிய எழுத்து): புள்ளி எச் என்று முடியும் ஹெடரை சி மொழியாக எடுத்துக்கொள்ளாமல் சி++ ஆகப் படிக்கச் சொல்வது.

• --டார்கெட்: எந்தச் சிப்புக்கு என்று சொல்வது. மடிக்கணினி நிரலுக்குத் தேவையில்லை.

லிங்க் செய்யும் ஃப்ளாக்குகளான -எல் வகை (சிறியதும் பெரியதும்) கம்ப்ளீஷனுக்கு எந்த வகையிலும் உதவாது. எடிட்டர் நிரலைப் படிக்கிறதே தவிர, எக்ஸிகியூட்டபிள் கோப்பு உருவாக்குவதில்லை. -வால் (முதல் எழுத்து மட்டும் பெரியது) போன்ற எச்சரிக்கை ஃப்ளாக்குகள் உங்கள் விருப்பம். கம்ப்ளீஷன் அவற்றால் மாறாது. ஆனால் தட்டும்போதே எச்சரிக்கை தெரிவது நல்லது, ஆகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வழி ஒன்று: சின்னத் திட்டத்துக்கு ஒரு சின்னக் கோப்பு

நான்கைந்து கோப்புகள் மட்டும் உள்ள திட்டத்துக்கு, மேல் ஃபோல்டரில் ‘கம்பைல்_ஃப்ளாக்ஸ்.டிஎக்ஸ்டி’ என்று ஒரு கோப்பு போதும். ஒரு வரிக்கு ஒரு ஃப்ளாக்:

-எக்ஸ்சி++
-எஸ்டிடி=சி++17
-வால்
-ஐஇன்க்ளூட்
-டிஹைட்_சிஎம்=600

நான்காம் வரியைக் கவனியுங்கள். பெரிய ஐ எழுத்துக்கும் ‘இன்க்ளூட்’ என்ற ஃபோல்டர் பெயருக்கும் நடுவில் இடைவெளி இல்லை. டெர்மினலில் இடைவெளி விட்டுத் தட்டினாலும் ஷெல் அதை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடும். இந்தக் கோப்பைப் படிக்கும்போது ஷெல் நடுவில் வருவதில்லை. ஒரு வரி முழுவதும் ஒரே ஆர்க்யுமென்ட். இடைவெளி விட்டால், இடைவெளியில் தொடங்கும் பெயருடைய ஒரு ஃபோல்டரைக் கிளாங்டி தேடும், கிடைக்காது, செய்தியும் சொல்லாது. எல்லாம் சரியாக எழுதியும் ஹெடர் கிடைக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பிரித்து எழுதத்தான் வேண்டுமென்றால் இரண்டு தனி வரிகளாக எழுதுங்கள்.

திட்டம் வளர்ந்தால் இந்தக் கோப்பை விட்டுவிடுங்கள். இது கையால் எழுதும் பட்டியல்; நம் விதிக்கு இது ஒரு சலுகை மட்டுமே.

வழி இரண்டு: பில்டே பட்டியல் தரட்டும்

‘கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன்’ என்ற கோப்பில், திட்டத்தின் ஒவ்வொரு சி++ கோப்பும் எந்தக் கட்டளையால் கம்பைல் ஆகிறது என்பது அப்படியே பதிவாகிறது. ஒவ்வொரு பதிவிலும் கோப்பின் பெயர், கட்டளை, அது எந்த ஃபோல்டரிலிருந்து இயங்கியது ஆகிய மூன்றும் இருக்கும். திறந்த கோப்பின் ஃபோல்டரில் தொடங்கி மேலே மேலே ஏறி, ஒவ்வொரு நிலையிலும் ‘பில்ட்’ என்ற உட்ஃபோல்டரையும் பார்த்து, கிளாங்டி இந்தக் கோப்பைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இதை உருவாக்குவது பில்ட் கருவியின் வேலை:

• சிமேக்: கான்ஃபிகர் கட்டளையோடு -டிசிமேக்_எக்ஸ்போர்ட்_கம்பைல்_கமாண்ட்ஸ்=ஆன் சேருங்கள் (எல்லாம் பெரிய எழுத்து). மேக்ஃபைல், நிஞ்சா ஜெனரேட்டர்களில் மட்டுமே வேலை செய்யும். விஷுவல் ஸ்டுடியோ ஜெனரேட்டரில் இந்தக் கோப்பு வராது. விண்டோஸில் இருப்பவர்கள் நிஞ்சாவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

• வெறும் மேக்ஃபைல்: ‘பேர்’ என்ற கருவியை நிறுவி, முதலில் ‘மேக் கிளீன்’, பிறகு ‘பேர் -- மேக்’. கிளீன் செய்யாமல் ஓட்டினால், அன்று மாறிய கோப்புகள் மட்டுமே கம்பைல் ஆகும். பேர் அவற்றை மட்டுமே பார்க்கும். பட்டியல் அரைகுறையாக நிற்கும்.

• பிளாட்ஃபார்ம்ஐஓ: ‘பிஐஓ ரன் -டி கம்பைல்டிபி’ (சிறிய டி; ‘டார்கெட்’ என்ற சொல்லின் முதல் எழுத்து). கோப்பு திட்டத்தின் மேல் ஃபோல்டரில் வரும்.

ஹெடர் கோப்புகள் இந்தப் பட்டியலில் இருக்காது, ஏனென்றால் அவை தனியாகக் கம்பைல் ஆவதில்லை. அதே பெயர் அல்லது நெருங்கிய பெயர் கொண்ட சி++ கோப்பின் ஃப்ளாக்குகளைக் கிளாங்டி அவற்றுக்குக் கடன் வாங்கிக்கொள்ளும். ஆகவே ‘லெவல்.எச்’ எழுதினால் ‘லெவல்.சிபிபி’ என்றே ஜோடி வையுங்கள்.

இஎஸ்பி32: குறுக்குக் கம்பைலரின் சிக்கல்

மடிக்கணினி நிரலுக்கு மேலே சொன்னது போதும். போர்டு நிரலுக்கு இன்னும் இரண்டு படிகள் இருக்கின்றன. இணையத்தில் பலர் பாதியில் விட்டுப்போகும் இடம் இது; நிதானமாகச் செய்யுங்கள்.

முதல் படி, சிஸ்டம் ஹெடர்கள். இஎஸ்பி32இன் சிப் எக்ஸ்டென்சா வகை. அதற்கான ஜிசிசி கம்பைலர் தன் சொந்த ஹெடர்களை எங்கே வைத்திருக்கிறது என்பது அதற்கு மட்டுமே தெரியும். எந்த ஃப்ளாக்கிலும் அது எழுதப்படுவதில்லை. ஆகவே அந்தக் கம்பைலரிடமே கேட்டுக்கொள் என்று கிளாங்டியிடம் சொல்ல வேண்டும். அதற்கான ஆர்க்யுமென்ட் --க்வெரி-டிரைவர். மதிப்பாகக் கம்பைலரின் முழுப் பாதையைக் கொடுங்கள். பிளாட்ஃபார்ம்ஐஓவில் அது உங்கள் ஹோம் ஃபோல்டரில் ‘.பிளாட்ஃபார்ம்ஐஓ’, அதற்குள் ‘பேக்கேஜஸ்’ என்று போய், எக்ஸ்டென்சா டூல்செயினின் ‘பின்’ ஃபோல்டரில் இருக்கும். விஎஸ் கோடில் இதைக் ‘கிளாங்டி.ஆர்க்யுமென்ட்ஸ்’ அமைப்பில் சேருங்கள்.

இந்த வசதி முதலிலேயே திறந்திருக்காததற்குக் காரணம் உண்டு. பட்டியலில் இருக்கும் கம்பைலரைக் கிளாங்டி உண்மையிலேயே இயக்கிப் பார்க்கும். யாரோ கொடுத்த திட்டத்தில் கம்பைலர் என்ற பெயரில் வேறு எதுவும் இருக்கலாம். ஆகவே நட்சத்திரம் போட்டு எல்லாப் பாதைக்கும் திறந்துவிடாமல், அந்த ஒரு ஃபோல்டரோடு நிறுத்துங்கள். விம்மில் யூகம்ப்ளீட்மீ பயன்படுத்துவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் ‘எக்ஸ்ட்ரா கான்ஃப்’ கோப்பு பைதான் நிரல் என்பதால்தான், ஏற்றலாமா என்று முதலில் அனுமதி கேட்கிறது. அந்தக் கேள்வியை அணைத்துவிடாதீர்கள்.

இரண்டாம் படி, ஜிசிசிக்கு மட்டும் புரியும் ஃப்ளாக்குகள். -எம்லாங்கால்ஸ், -எஃப்ஸ்ட்ரிக்ட்-வாலடைல்-பிட்ஃபீல்ட்ஸ், -எஃப்நோ-ட்ரீ-ஸ்விட்ச்-கன்வர்ஷன் போன்றவற்றைக் கிளாங் அறியாது. ‘அன்னோன் ஆர்க்யுமென்ட்’ என்று கோப்பின் முதல் வரியிலேயே பிழை காட்டும். திட்டத்தின் மேல் ஃபோல்டரில் ‘.கிளாங்டி’ என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி இப்படி எழுதுங்கள் (கம்பைல், ஃப்ளாக்ஸ், ரிமூவ் ஆகிய மூன்று சொற்களின் முதல் எழுத்தும் பெரியது):

கம்பைல்ஃப்ளாக்ஸ்:
  ரிமூவ்: [-எம்லாங்கால்ஸ், -எஃப்ஸ்ட்ரிக்ட்-வாலடைல்-பிட்ஃபீல்ட்ஸ், -எஃப்நோ-ட்ரீ-ஸ்விட்ச்-கன்வர்ஷன்]

பில்டுக்குப் போகும் ஃப்ளாக் அப்படியே இருக்கும். எடிட்டர் படிக்கும்போது மட்டும் இவை கழியும். ‘-எஃப்*’ என்று எழுதினால் அப்படித் தொடங்கும் எல்லாமே போய்விடும். சுருக்கமாக முடிகிறதே என்று அதைச் செய்யாதீர்கள். எக்ஸெப்ஷனை அணைக்கும் ஃப்ளாக் போல, நிரலின் பொருளை மாற்றும் ஃப்ளாக்குகளும் அதே எழுத்தில்தான் தொடங்குகின்றன. பிழைச் செய்தியில் பெயர் வருவதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிப் சார்ந்த சில ஹெடர்களுக்குள் ஓரிரு சிவப்புக் கோடுகள் மிஞ்சலாம், ஏனென்றால் பொதுவாகக் கிடைக்கும் கிளாங்டிக்கு எக்ஸ்டென்சா தெரியாது. தொந்தரவாக இருந்தால் எஸ்பிரெசிஃப் நிறுவனமே வெளியிடும், எக்ஸ்டென்சா அறிந்த கிளாங்கைப் பயன்படுத்துங்கள். இனிமேல்தான் போர்டு வாங்கப்போகிறீர்கள் என்றால் இஎஸ்பி32-சி3 பற்றி யோசியுங்கள். அதன் சிப் ரிஸ்க்-ஃபைவ் வகை. வழக்கமான கிளாங் அதை நன்றாகவே அறியும்.

ஓரிடத்தில் மாற்றி, ஈரிடத்திலும் பாருங்கள்

சென்சார், தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒலியின் நேரத்தை மைக்ரோ விநாடியில் தருகிறது. ஒலி ஒரு மைக்ரோ விநாடியில் ஏறத்தாழ 0.034 செ.மீ. செல்லும், போய்வரும் தூரம் என்பதால் இரண்டால் வகுக்கிறோம். சென்சார் ஆற்றுப் படுகையிலிருந்து எத்தனை செ.மீ. உயரத்தில் இருக்கிறதோ அதிலிருந்து இந்தத் தூரத்தைக் கழித்தால் கிடைப்பது நீர்மட்டம். அந்த உயரம்தான் மேலே பார்த்த ஹைட்_சிஎம் மேக்ரோ.

அதை ‘பிளாட்ஃபார்ம்ஐஓ.ஐஎன்ஐ’ கோப்பின் பில்ட்_ஃப்ளாக்ஸ் வரியில் மட்டும் எழுதுங்கள். சென்சாரை வேறு உயரத்தில் மாட்டினால் 600ஐ 720 ஆக்கி, கம்பைல்டிபி கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். எடிட்டரில் அந்தப் பெயரின் மேல் மவுஸை வைத்தால் 720 தெரிய வேண்டும். இன்னமும் 600 காட்டினால் கிளாங்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் வேறொரு பழைய பட்டியல் எங்கோ இருக்கிறது, தேடி அழியுங்கள். வெள்ள அளவைக் காட்டும் நிரலில், திரையில் ஓர் எண்ணும் போர்டில் வேறோர் எண்ணும் இருக்கவே கூடாது.

நினைவகம் குறைந்த மடிக்கணினியில்

4 ஜிபி ரேம் உள்ள கணினியில் முதல்முறை திறக்கும்போது விசிறி சத்தமிட்டு எல்லாம் மெதுவாகலாம். திட்டம் முழுவதையும் கிளாங்டி பின்னணியில் படித்து, ‘.கேஷ்’ ஃபோல்டரில் இண்டெக்ஸ் எழுதிவைக்கிறது. ஒருமுறை முடிந்தால் அடுத்த முறை மாறிய கோப்புகளை மட்டுமே படிக்கும். பொறுக்க முடியாவிட்டால் -ஜே=2 (சிறிய எழுத்து) கொடுத்து ஒரே நேரத்தில் நடக்கும் வேலையைக் குறையுங்கள். அதுவும் போதாவிட்டால் --பேக்ரவுண்ட்-இண்டெக்ஸ்=ஃபால்ஸ். அப்படிச் செய்தால், திறக்காத கோப்புகளில் ஒரு பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுவது குறைபடும். இன்க்ளூட் செய்த ஹெடர்களிலிருந்து வரும் கம்ப்ளீஷனுக்குக் குறைவில்லை.

சந்தேகம் வந்தால் கேளுங்கள்

ஊகிக்காமல் விடை பெற ஒரு கட்டளை இருக்கிறது. டெர்மினலில் திட்ட ஃபோல்டருக்குப் போய் ‘கிளாங்டி --செக்=’ என்று தட்டி, கோப்பின் பாதையைச் சேருங்கள். எந்தக் கட்டளையால் அந்தக் கோப்பைப் படிக்கிறது என்பதை அது முழுவதுமாக அச்சிடும். அதில் ‘ஜெனரிக் ஃபால்பேக்’ என்று வந்தால் உங்கள் பட்டியல் அதன் கண்ணில் படவே இல்லை. கோப்பின் பெயரையும் இடத்தையும் சரிபாருங்கள். பட்டியல் கிடைத்தும் பிழை வந்தால், அச்சான கட்டளையில் நீங்கள் எதிர்பார்க்கும் -ஐ பாதை இருக்கிறதா என்று பாருங்கள். பாதை இருந்தும் ஹெடர் கிடைக்கவில்லையா? கோப்பு அந்த ஃபோல்டரில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்று கேள்விக்குள் பெரும்பாலான சிக்கல்கள் அடங்கிவிடும்.

கூட்டாக எழுதும்போது

ஏரலில் நீங்களும் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு நண்பரும் சேர்ந்து இந்தத் திட்டத்தை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘.கிளாங்டி’ கோப்பை கிட்டில் சேருங்கள். அது இருவருக்கும் பொது. ‘கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன்’ கோப்பையும் ‘.கேஷ்’ ஃபோல்டரையும் கிட்இக்னோரில் போடுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் கணினியின் முழுப் பாதைகள் இருக்கும். நண்பரின் கணினியில் அவை எங்கும் இல்லை. அவரவர் கணினியில் ஒருமுறை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு கட்டளையை ரீட்மீயில் எழுதிவையுங்கள். திட்ட ஃபோல்டரின் பாதையை இடைவெளி இல்லாத ஆங்கில எழுத்துப் பெயர்களாக வைத்துக்கொள்வதும் நல்லது. சில பழைய பில்ட் கருவிகள் மற்றவற்றில் தடுக்கி விழுகின்றன.

செய்து பாருங்கள்

1. மடிக்கணினி நிரலுக்குச் சிமேக் மூலம் பட்டியல் உருவாக்கி, ஏதேனும் ஒரு பதிவைத் திறந்து ஃப்ளாக்குகளை வரிசையாகப் படியுங்கள். எது எதற்கு என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு -ஐ ஃப்ளாக்கைச் சிமேக் கோப்பிலிருந்து நீக்கி, எடிட்டரில் என்ன மாறுகிறது என்று பாருங்கள். பிறகு திரும்பச் சேருங்கள்.

3. போர்டு நிரலில் --செக் ஓட்டி, வரும் ‘அன்னோன் ஆர்க்யுமென்ட்’ ஒவ்வொன்றையும் ரிமூவ் பட்டியலில் சேர்த்து, அந்தச் செய்தியே வராத நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

4. ஹைட்_சிஎம் மதிப்பை மாற்றி, எடிட்டரிலும் போர்டின் சீரியல் மானிட்டரிலும் ஒரே எண் வருகிறதா என்று ஒப்பிடுங்கள்.

நான்காவது பயிற்சியில் இரண்டு எண்களும் ஒத்துப்போனால் இந்த இயலின் வேலை முடிந்தது. எடிட்டர் காட்டும் பெயரையும் மதிப்பையும் இனி நம்பி எழுதலாம். அடுத்த இயலில் அளவுகளைச் சேமிக்கும் பகுதியைத் தொடங்குவோம்.